திருவிழா நெரிசலில் உயிர் போவது ஏன்? அரசின் பொறுப்பு எது?

2025 ஜனவரி 8, திருப்பதி. வைகுண்ட ஏகாதசி தரிசனத்துக்கான இலவச டோக்கன் மறுநாள் விடியற்காலை 5 மணிக்குத்தான் கொடுப்பதாக இருந்தது. முந்தின நாளே ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். பைராகிபட்டெடா பகுதி கவுன்ட்டருக்கு வந்தவர்களைப் பக்கத்துப் பூங்காவுக்குள் காத்திருக்க வைத்தார்கள். உள்ளே ஒரு பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் போக, அவரை வெளியே கொண்டுவர வாசல் கதவைத் திறந்தார்கள். காத்திருந்தவர்கள் டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவை நோக்கி நகர்ந்தார்கள். அந்த இரவில் 6 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவரும் அதில் உண்டு.

கதவைத் திறந்தவர் செய்தது இரக்கமுள்ள காரியம். நகர்ந்தவர்கள் நினைத்ததிலும் தப்பில்லை, பல மணி நேரம் காத்திருந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். யாரும் யாரையும் கீழே தள்ளி மிதிக்கக் கிளம்பவில்லை. ஆனால் நோயாளியை வெளியே கொண்டுவரத் தனிவழி இருந்திருந்தால், ‘இது டோக்கனுக்கு இல்லை’ என்ற அறிவிப்பு எல்லோர் காதிலும் விழுந்திருந்தால், அந்த 6 பேரும் தரிசனம் முடித்து வீடு திரும்பியிருப்பார்கள். பெரும்பாலான நெரிசல் சாவுகள் இப்படிப்பட்டவைதான். கூட்டத்தின் குணத்தைவிட, கூட்டத்தை வைத்திருந்த இடத்தின் அமைப்பும் அதை நடத்தியவர்களின் ஏற்பாடும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன.

நின்றபடியே மூச்சு முட்டுவது

‘பீதியில் ஓடினார்கள், மிதிபட்டுச் செத்தார்கள்’ என்றுதான் செய்தியில் வரும். மிதிபடுவதும் உண்டு. ஆனால் நெரிசலில் இறப்பவர்களில் மிகப் பலர் மூச்சு விட முடியாமல் இறக்கிறார்கள், சிலர் நின்ற நிலையிலேயே. நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். நாலா பக்கமும் உடல்கள் அழுத்தினால் அது விரியாது. சில நிமிடங்களில் மயக்கம், அப்புறம் சாவு. குழந்தைகளும் குள்ளமான பெண்களும் முதியவர்களும் முதலில் பாதிக்கப்படுவது இதனால்தான்.

எவ்வளவு நெருக்கம் ஆபத்து? வீட்டு வாசல்கதவின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த நீளமும் அகலமும் உள்ள ஒரு சதுரத்தைத் தரையில் போட்டுப் பாருங்கள். அதில் இரண்டு மூன்று பேர் நின்றால் தாராளமாகத் திரும்பலாம், நடக்கலாம். நான்கைந்து பேர் என்றால் தோள் உரசும், நகரும் கூட்டத்துக்கு அதுவே எச்சரிக்கை மணி. ஆறு ஏழு பேராகிவிட்டால் தனி மனிதர் என்று யாரும் இல்லை. எங்கே போவது என்று உங்கள் கால் முடிவு செய்யாது, கூட்டம் முடிவு செய்யும். கடல் அலைபோல் ஒரு தள்ளல் பின்னாலிருந்து கிளம்பி, பல மீட்டர் தூரம் பரவும். கால் தரையில் படாமலே சிலர் இழுத்துச் செல்லப்படுவார்கள்.

கூட்ட நெரிசல் ஆய்வில் முன்னோடியான அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின், விபத்து நடந்த இடங்களில் இரும்புக் கைப்பிடிக் கம்பிகள் வளைந்திருந்ததைக் கவனித்தார். அந்தக் கம்பி வளைய 4,500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 450 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் வேண்டும் என்கிறார். எந்தத் தனி ஆளும் அவ்வளவு பலமாகத் தள்ள முடியாது. பின்னால் நிற்கும் நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் சாய்ந்தால் அது முன்னால் நிற்பவரின் நெஞ்சில் சேர்ந்துவிடுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் ஒருவர் விழுந்ததும் அங்கே கொஞ்சம் இடம் காலியாகிறது. பின்னால் இருப்பவர் ‘வரிசை நகருது’ என்று சந்தோஷமாக ஓர் அடி எடுத்து வைக்கிறார்.

முன்கூட்டியே போடக்கூடிய கணக்கு

அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் விபத்துக்குப் பிறகு அடிக்கடி சொல்வது, ‘எதிர்பாராத கூட்டம்’. இந்த வார்த்தையை அப்படியே விழுங்கத் தேவையில்லை. பஞ்சாங்கத்தில் தேதி குறித்துவைத்த திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் எதிர்பாராதது அதிகம் இருக்க வழியில்லை.

கணக்கு சாதாரணமானது. பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்று உண்டு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர், படிக்கட்டில் 66 பேர் போகலாம் என்று அதில் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் வாசலில் பையைச் சோதிப்பதும், செருப்பைக் கழற்றுவதும், வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுவதும் உண்டு, ஆகவே இதைவிடக் குறைவாகத்தான் போகும். இருந்தாலும் தாராளமாக 80 என்றே வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் வாசலில் நிமிடத்துக்கு 240 பேர், மணிக்கு 14,400 பேர். மணிக்கு 30,000 பேர் வந்து சேர்ந்தால்? ஒரு மணி நேரத்தில் 15,600 பேர் வாசலுக்கு வெளியே தேங்குவார்கள். சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்று நெருக்கி நிறுத்தினாலும் அவர்களுக்கு 3,900 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் இடம் வேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் இரண்டு ஏக்கர். அந்த இடம் எங்கே என்று யோசிக்காமல் விழாவுக்கு அனுமதி கொடுத்தால், அவர்கள் ஒருவர்மேல் ஒருவராகத்தான் தேங்குவார்கள்.

கருவறைக் கணக்கு இன்னும் இறுக்கம். நொடிக்கு ஒருவர் வீதம் சாமி கும்பிட்டு நகர்ந்தால் மணிக்கு 3,600 பேர். ஒரு லட்சம் பேருக்கு 27 மணி நேரத்துக்கும் மேல். நாளில் இருப்பதே 24 மணி நேரம்தான்! ஆனாலும் ‘அனைவருக்கும் தரிசனம் உண்டு’ என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

2025 நவம்பர் 1 அன்று ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டம் காசிபுக்காவில், ஏகாதசிக்கு வந்த கூட்டத்தில் 9 பேர் இறந்தது ஒரு தனியார் கோயிலில். சில ஆயிரம் பேருக்கு மேல் தாங்காத இடத்தில் அதைப்போல் பல மடங்கு பேர் ஏறினார்கள். போகவும் வரவும் ஒரே படிக்கட்டு, பக்கத்துக் கைப்பிடி சரிந்தது. தங்களுக்குத் தகவலே சொல்லவில்லை என்றது அரசுத் தரப்பு. ஏகாதசி என்றைக்கு என்று தெரிந்துகொள்ள அரசுக்கு யாரும் கடிதம் போட வேண்டியதில்லை.

கலையும் நேரம்

வருகிறவர்கள் நாள் முழுக்கப் பிரிந்து பிரிந்து வருவார்கள். விழா முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். ஏற்பாட்டாளர்களின் கவனமோ அப்போது தளர்ந்திருக்கும்.

2011 ஜனவரி 14, மகரஜோதி நாள். சபரிமலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தின் புல்மேட்டில் நின்று ஜோதி பார்த்தவர்கள் இருட்டில் வண்டிப்பெரியாறு பக்கமாகத் திரும்பினார்கள். குறுகலான காட்டுவழி, விளக்கு வசதி கிடையாது, வழியிலேயே வண்டிகள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். 12 ஆண்டுகளுக்கு முன், 1999இல், அதே மகரஜோதி நாளில் பம்பையில் 50க்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. ஒரே நொடியில் எல்லோரும் ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்த நொடியே திரும்பும் விழா இது. திரும்பும் வழிக்குத்தான் முதல் திட்டம் போட்டிருக்க வேண்டும்.

ஹாத்ரஸ் சம்பவமும் கலையும் நேரத்தில் நடந்ததுதான். 2024 ஜூலை 2, உத்தரப் பிரதேசத்தில் ஒரு சாமியாரின் சொற்பொழிவு. அனுமதி 80,000 பேருக்கு, வந்தது இரண்டரை லட்சம் பேர் என்கிறது முதல் தகவல் அறிக்கை. அவர் கார் கிளம்பிய வழியின் மண்ணை எடுக்கக் கூட்டம் ஓட, நெடுஞ்சாலை ஓரத்துச் சேற்றுப் பள்ளத்தில் விழுந்தும் அழுந்தியும் 121 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஏற்பாட்டாளர்கள்மேல் வழக்குப் போட்டார்கள், குற்றம்சாட்டப்பட்டவர்களில் சாமியார் இல்லை. எனக்கு உறுத்துவது அந்த 80,000 என்ற எண். 80,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், 80,001ஆவது ஆள் வரும்போது நிறுத்துவதற்கு ஒருவர் நின்றிருக்க வேண்டாமா? எண்ணவும் நிறுத்தவும் ஆள் போடாத அனுமதிக் கடிதம் பின்னால் பழியைத் தள்ளிவிட மட்டும்தான் உதவும்.

தகவல் குழப்பம் இன்னொரு கொலைகாரன். 2013 அக்டோபர் 13 அன்று மத்தியப் பிரதேசத்தின் ரத்தன்கட் கோயில் பாலத்தில் ‘பாலம் இடியுது’ என்று வதந்தி கிளம்பி 115 பேர் அளவில் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 15 அன்று புதுதில்லி ரயில் நிலையத்தில், கும்பமேளாவுக்குக் கிளம்பிய கூட்டத்தில் 18 பேர். ‘பிரயாக்ராஜ் ஸ்பெஷல்’, ‘பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ்’ என்ற இரண்டு பெயர்களுக்கிடையே வந்த குழப்பத்தைக் காவல்துறை ஒரு காரணமாகச் சொன்னது. 2013 கும்பமேளாவின்போதும் அலகாபாத் ரயில் நிலையத்தில் 36 பேர் இறந்திருந்தார்கள். எந்த நடைமேடை, எந்த வண்டி, எத்தனை மணி என்று தெளிவாகச் சொல்ல ஒரு நல்ல ஒலிபெருக்கி போதும். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம்.

அரசு எந்த இடத்தில் உள்ளே வருகிறது?

‘இது நம்பிக்கை சம்பந்தப்பட்டது, அரசு தலையிடலாமா?’ என்ற கேள்வி உடனே வரும். மதச் சுதந்திரத்தைத் தரும் அரசியல் சட்டப் பிரிவு 25 தொடங்குவதே ‘பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனையோடு. உயிர் வாழும் உரிமை பிரிவு 21இல் இருக்கிறது. இவை தவிர, பலருக்குத் தெரியாத ஒன்று: ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் ஏழாவது வரியே ‘இந்தியாவுக்கு வெளியே உள்ள இடங்களுக்கான யாத்திரைகள் நீங்கலாக, யாத்திரைகள்’ என்பதுதான். பொது ஒழுங்கும் காவல்துறையும் அதே பட்டியலின் முதல் இரண்டு வரிகள். சட்டம் ஆளை நியமித்தாயிற்று, அது மாநில அரசு. ரயில் நிலையம் என்றால் மத்திய அரசு.

அப்புறம் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். பேரிடர் நேரத்தில் ஆட்கள், வண்டிகள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. பெருங்கூட்டங்களை எப்படிக் கையாள்வது என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இலேயே ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டுவிட்டது. இடத்தின் கொள்ளளவைக் கணக்கிடு, உள்ளே வெளியே வழிகளைப் பிரி, கூட்டத்தைத் தூரத்திலேயே நிறுத்திவைக்க இடம் ஒதுக்கு, ஒரே கட்டுப்பாட்டு அறை வை என்று ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பொறுப்பு இன்னும் நெருக்கமானது. பெரிய கோயில்களில் பல இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கின்றன, செயல் அலுவலர் அரசு ஊழியர். இங்கே விழாவை நடத்துவதும் அனுமதி தருவதும் பந்தோபஸ்து போடுவதும் ஒரே அரசின் வெவ்வேறு கைகள். ‘ஏற்பாட்டாளர் சொன்னதைக் கேட்கவில்லை’ என்று தப்பிக்க வழியில்லை.

கூட்டத்தை விளம்பரம் போட்டு அழைக்கும் அரசுக்குப் பொறுப்பு இன்னும் கூடுகிறது என்பது என் கருத்து. 2025 பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்கு 66 கோடி பேர் வந்ததாக உத்தரப் பிரதேச அரசு பெருமையாகச் சொன்னது. ஆயிரக்கணக்கான கேமராக்கள், கூட்ட அடர்த்தியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு எல்லாம் இருந்தன. ஜனவரி 29, மௌனி அமாவாசை அதிகாலையில் சங்கமக் கரையில் தடுப்புகள் உடைந்து, குளிக்கும் நேரத்துக்காகத் தரையில் படுத்துக் காத்திருந்தவர்கள்மேல் கூட்டம் ஏறியது. அதிகாரப்பூர்வக் கணக்கில் 30 பேர் இறந்தார்கள். கேமரா பார்க்கும், நிறுத்தாது. கரைக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே கூட்டத்தை நிறுத்தும் முடிவை ஒரு மனிதர் எடுக்க வேண்டும். அதை எடுக்க அவருக்கு அதிகாரமும் தைரியமும் வேண்டும்.

விபத்துக்குப் பிறகு அங்கே முக்கியப் பிரமுகர்களுக்கான பாஸ் ரத்து செய்யப்பட்டது, வண்டிகளுக்குத் தடை வந்தது, பாதைகள் ஒருவழியாயின. இதே கும்பமேளாவில் 1954இல் நூற்றுக்கணக்கானோர் இறந்தபோது, பெரிய தலைவர்கள் முக்கிய நீராடல் நாட்களில் வராமல் இருப்பது நல்லது என்று பிரதமர் நேரு சொன்னார். 71 ஆண்டுகள் கழித்தும் அதை விபத்து நடந்த பிறகுதான் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பிரமுகருக்காக இருபது நிமிடம் கூட்டத்தை நிறுத்தினால் அந்த இருபது நிமிடக் கூட்டமும் மொத்தமாகச் சேர்ந்து, கயிறு அவிழ்ந்ததும் ஒரே அலையாக வரும். மேலே போட்ட கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

செத்தபின் நடப்பவை

முதலில் முதல்வர் நிவாரண நிதி அறிவிப்பு. இது கருணைத் தொகை, பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. அரசின் செயலால் வாழும் உரிமை பறிபோனால் நீதிமன்றமே நேரடியாக இழப்பீடு தர உத்தரவிடலாம் என்று 1993இல் நீலபதி பெஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கருணைத் தொகையை வாங்கிக்கொண்டதாலேயே கூடுதல் இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் உரிமை போய்விடாது.

அடுத்து வழக்கு. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. பழைய சட்டத்தில் 2 ஆண்டுதான். ஆனால் அரசு ஊழியர் பணியின்போது செய்ததற்கு வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். அதனால் ஏற்பாட்டாளர்கள் கைதாவார்கள், அதிகாரிகள் இடைநீக்கத்தோடும் இடமாற்றத்தோடும் முடிந்துவிடுவார்கள்.

மூன்றாவது விசாரணை ஆணையம். 1952 சட்டப்படி ஆணையத்தின் அறிக்கையை, எடுத்த நடவடிக்கையோடு சேர்த்து, ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. 2008இல் ஜோத்பூர் சாமுண்டா தேவி கோயிலில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை விசாரித்த ஆணையம் அறிக்கை கொடுத்து, அது பல ஆண்டுகள் வெளியே வரவேயில்லை. இஸ்ரேலில் 2021இல் மெரோன் மலையில் யூத விழாவில் 45 பேர் இறந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2008லும் 2011லும் எழுதிவைத்திருந்தது. 2024இல் வந்த ஆணைய அறிக்கை, பதவியில் இருந்த பிரதமர் நெதன்யாகுவுக்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்று பெயர் சொல்லி எழுதியது. அவர் பதவி போகவில்லை. ஆனாலும் பெயர் காகிதத்தில் ஏறியது. நம் அறிக்கைகளில் ‘அனைத்துத் தரப்பினரின் ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்று வருவதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரி, தடுக்க முடியுமா?

முடியும், ஆனால் ஓரிடத்தைச் சரிசெய்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. மெக்காவுக்குப் பக்கத்தில் மினாவில் ஹஜ் பயணிகள் கல்லெறியும் ஜமராத் பாலத்தில் 2006 ஜனவரியில் ஏறக்குறைய 350 பேர் இறந்தார்கள். சவூதி அரசு பழைய பாலத்தையே இடித்துப் பல அடுக்குப் பாலம் கட்டியது. ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு, ஒவ்வொரு குழுவுக்கும் தனி நேரம். பாலத்தில் பிரச்சினை தீர்ந்தது. 2015 செப்டம்பர் 24 அன்று அந்தப் பாலத்துக்குப் போகும் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு கூட்டங்கள் முட்டின. சவூதியின் கணக்கு 769. நாடுகள் தனித்தனியே அறிவித்ததைக் கூட்டினால் 2,000த்தைத் தாண்டுகிறது.

ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது நம்பிக்கைக்கு எதிரானது என்பவர்களும் ஹஜ்ஜைப் பார்க்கலாம். ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்று நாடுவாரியாக ஒதுக்கீடு 1980களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. சபரிமலையில் ஆன்லைன் வரிசைப் பதிவு 2011இல் வந்தது. இப்போது நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு அங்கே வழக்கமாகிவிட்டது. 2024 திருவண்ணாமலை தீபத்துக்கு, மலையில் மண்சரிவு ஏற்பட்டிருந்ததால், பக்தர்கள் மலையேற அரசு அனுமதிக்கவில்லை. முணுமுணுப்பு இருந்தது, தீபம் ஏறியது.

தனிநபராக நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அழுத்தம் கூடும்போது இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் பிடிக்கலாம். தள்ளலை எதிர்த்து நிற்காமல் அதோடு போய், ஓய்ந்ததும் பக்கவாட்டில் சாய்வாக நகரலாம். கீழே விழுந்த செருப்பையும் போனையும் குனிந்து எடுக்கக் கூடாது. குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொள்வது, சுவரோரமும் தடுப்போரமும் நிற்காமல் இருப்பது, அவ்வளவுதான். சதுர மீட்டருக்கு ஏழு பேர் ஆனபிறகு இதில் எதையும் செய்ய முடியாது.

தமிழ்நாட்டுக்கு அடுத்த பெரிய சோதனை 2028இல் கும்பகோணம் மகாமகம். 1992 பிப்ரவரி 18 அன்று, அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவும் நீராட வந்திருந்த நாளில், அந்தக் குளக்கரையில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். 2004லும் 2016லும் அப்படிப்பட்ட சாவு இல்லாமல் நடந்து முடிந்தது. ஆகவே முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இப்போதே கேட்டு வாங்க வேண்டிய விவரங்கள் நாலைந்துதான். குளத்தில் மணிக்கு எத்தனை பேர் இறங்கி ஏற முடியும்? குளம் நிரம்பினால் ஊருக்கு வெளியே எந்தெந்த இடத்தில் பேருந்துகளை நிறுத்துவார்கள்? எண்ணுவது யார்? முக்கிய நாளில் பிரமுகர்கள் வருவார்களா, மாட்டார்களா? ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் பெற்ற அந்த ஒரு அதிகாரி யார், அவர் பெயர் என்ன? கடைசிக் கேள்விக்கு விழாவுக்கு முன்பே எழுத்தில் பதில் கிடைத்தால், பிறகு ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று யாரும் எழுத வேண்டி வராது.